எங்கே கறாராக இருப்பது?

பதினாறரை மில்லிமீட்டர். பிரிட்டனில் மாதிரி ரயில் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தண்டவாளத்துக்கு விடும் அகலம் இது. கணக்குப்படி இருக்க வேண்டியது 18.83 மில்லிமீட்டர். இந்த இரண்டு சொச்சம் மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வந்தபாடில்லை. வாதியும் பிரதிவாதியும் ஒரே கண்காட்சியில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள்.

வழக்கின் மூலம் வேடிக்கையானது. நிஜ ரயிலின் ஓர் அடியை 3.5 மில்லிமீட்டராகச் சுருக்கினால், தண்டவாள அகலம் பதினாறரை என்பது சரியாக வரும். ஐரோப்பாவில் அப்படித்தான் செய்கிறார்கள். பிரிட்டிஷ் என்ஜின்களோ ஒல்லி. அங்குள்ள பழைய பாலங்களும் சுரங்கப் பாதைகளும் அதற்கு மேல் பருக்க விடவில்லை. அந்தக் காலத்து மின் மோட்டார் அந்த ஒல்லி உடம்புக்குள் அடங்கவில்லை. என்ன செய்வது? உடம்பை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெருக்கிவிட்டு, தண்டவாளத்தை இருந்தபடியே விட்டுவிட்டார்கள். நாலடி எட்டரை அங்குல ரயில்பாதை நாலடி ஒன்றரை அங்குலமாகக் குறுகிப்போனது. இதற்கு ‘டபுள் ஓ’ என்று பெயர். பொறுக்க மாட்டாதவர்கள் 1960களில் 18.83-ஐ அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கும் ‘புரோட்டோஃபோர்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் கடையில் வாங்கிய வண்டி அப்படியே ஓடாது. சக்கரத்தை மாற்ற வேண்டும். தண்டவாளம் பிரியும் பாயிண்டுகளை அரத்தால் ராவி ராவிக் கையால் செய்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு குளிர்கால வார இறுதியில், உள்ளூர்ப் பள்ளிக்கூட ஹாலில் நடந்த அப்படியொரு கண்காட்சிக்குப் போனேன். நுழைவுச் சீட்டுக்குப் பதில் புறங்கையில் ரப்பர் ஸ்டாம்பு குத்தினார்கள். ஒரு மூலையில் கேக் விற்பனை. மற்ற இடமெல்லாம் இடுப்பளவு உயரத்தில் மலையும் வயலும் ஸ்டேஷனும்.

நான் முதலில் நின்றது ஒரு புரோட்டோஃபோர் லே-அவுட் முன்னால். கிளைப்பாதை ஒன்று வந்து முடியும் சின்ன ஸ்டேஷன். மூன்று நிலக்கரி வேகன்களைச் சிறு என்ஜின் ஒன்று முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தது. வேறெதுவும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தேன். வேகனின் பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் வெளுத்திருந்தன. ஆணி இருந்த இடங்களிலிருந்து மயிரிழை போலத் துரு வழிந்திருந்தது. ஒரு பலகை மட்டும் புதிது, பழுது பார்த்து மாற்றியதாம். உள்ளே இருந்தது நிஜ நிலக்கரியை இடித்துச் சலித்த தூள். கூட்ஸ் ஷெட்டுக்கு மட்டும் கூரை இல்லை. ஆரம்பித்துப் பல வருடமாகிறது, இன்னும் முடியவில்லை என்றார் அதைச் செய்த பெரியவர்.

“இந்த இரண்டு மில்லிமீட்டர் யார் கண்ணில் படப்போகிறது?” என்று கேட்டேன்.

“பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. என்ஜின் உங்களைப் பார்த்து வரும்போது நேரே நின்று பாருங்கள்” என்றார்.

பார்த்தேன். அடுத்த மேசைக்குப் போய் டபுள் ஓ என்ஜினையும் அப்படியே எதிரே நின்று பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அகன்ற உடம்பு, நெருங்கிய கால்கள்.

அந்த அடுத்த மேசையில்தான் கூட்டம். எட்டுப் பெட்டி எக்ஸ்பிரஸ் சுற்றிச் சுற்றி வந்தது. பிள்ளைகள் மோவாயை மேசை விளிம்பில் வைத்து நின்றார்கள். பெட்டி தடம் புரண்டால் வானத்திலிருந்து ஒரு பிரம்மாண்டக் கை இறங்கித் தூக்கி வைத்தது. கைக்குச் சொந்தக்காரர் அளவைப் பற்றிக் கவலைப்படாதவர் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தேன். சிறுவனாகப் பாலத்தின்மேல் நின்று பார்த்த எக்ஸ்பிரஸ் இது என்றார். சாப்பாட்டுப் பெட்டி எத்தனையாவது, முதல் வகுப்பு என்ஜினுக்கு எந்தப் பக்கம், கார்டு பெட்டி எங்கே என்று ஒப்பிக்கத் தொடங்கினார். பெட்டிகளின் வரிசையில் ஒன்று மாறினாலும் அவருக்குத் தூக்கம் வராது போலிருந்தது. வேகத்திலும் அப்படியே. நிஜத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் ரயில், இந்த அளவில் நொடிக்கு 15 சென்டிமீட்டர்கூட நகரக் கூடாது. “வேகமா விடுங்க” என்று பிள்ளைகள் கெஞ்சியும், ஸ்டேஷனை நெருங்கும்போது வண்டியை அந்த ஊர்தலுக்குத்தான் கொண்டுவந்தார்.

இவருக்கு ஓரிடத்தில் கறார், அவருக்கு வேறிடத்தில். ஆனால் விட்டுக்கொடுக்காதவர் என்று அந்த ஹாலில் ஒருவரும் இல்லை. லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்விண்டன் ஏறத்தாழ 124 கிலோமீட்டர். அதை நாலு மில்லிமீட்டர் அளவில் நேர்மையாகப் போட்டால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் மேசை வேண்டும். ஆகவே 18.83-க்காக உயிரை விடுகிறவரும் ஊருக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டி எறிகிறார். பாலத்துக்கு அடியிலோ மரக்கூட்டத்துக்குப் பின்னாலோ ரயில் மறைந்ததும் அடுத்த ஊர் வந்துவிடுவதில்லை. அங்கே ‘ஃபிடில் யார்டு’ என்று ஒரு வெற்றுப் பலகை இருக்கிறது. வண்டிகள் அதில் வரிசையாக நின்று முறை வரக் காத்திருக்கின்றன. உலகம் முழுக்க அந்தப் பலகையில் அடக்கம்.

நம் கொலுவை நினைத்துக்கொண்டேன். தொந்தி பெருத்த செட்டியார் பொம்மை கோயில் கோபுரத்தைவிட உயரமாக உட்கார்ந்திருக்கும். பூங்காவில் யானைக்குப் பக்கத்தில் அதே உயரத்துக்குக் கிளி நிற்கும். யாரும் கேட்பதில்லை. ஆனால் படி ஒற்றைப்படையில் இல்லாவிட்டால் பாட்டிக்கு ஆகாது. மரப்பாச்சி வராமல் கொலு தொடங்காது. முடிகிற நாள் இரவு ஒரு பொம்மையையாவது படுக்க வைத்தாக வேண்டும். அளவில் விட்ட பிடியை முறையில் இறுக்கிக்கொள்கிறோம்.

கறாரையும் விட்டுக்கொடுத்தலையும் ஒரே மேசையில் சேர்த்து வைத்தவர் ராய் இங்கிலாண்ட். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் இங்கிலாந்துக்கு வந்தவர். வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரை வீடுகள் கண்ணெதிரே அழிவதைப் பார்த்துவிட்டு, அவற்றை மாதிரிகளாக்கத் தொடங்கினார். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் அவர் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். கூரைக்கு, குழாய் வேலைக்காரர்கள் இணைப்பில் சுற்றும் சணல் நார். ஒவ்வொரு வீடும் நிஜமாக இருந்த வீட்டை அளந்து செய்தது. ஆனால் அந்த வீடுகள் சேர்ந்து நிற்கும் ‘பெண்டன் பார்வா’ என்ற ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. பள்ளத்தாக்கின் பல ஊர் வீடுகளைக் கொண்டுவந்து அருங்காட்சியகத்தார் கட்டிய கற்பனை ஊர். வீட்டில் ஓர் இம்மி பிசகவில்லை, ஊரில் முழுச் சுதந்திரம்.

எல்லாவற்றிலும் கறாராக இருப்பவரோடு குடித்தனம் செய்ய முடியாது. எதிலுமே இல்லாதவரை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது. என் பெரியப்பா கொடுத்த கடனைக் கேட்கமாட்டார். ஆனால் இரவல் வாங்கிய புத்தகத்தை அட்டை முனை மடங்காமல் சொன்ன தேதிக்குத் திருப்பித் தருவார். அது அவர் தானே தேர்ந்துகொண்ட கறார். நம்மில் பலருக்கு அந்தத் தேர்வை வேறு யாரோ செய்துவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். பதினாறரை மில்லிமீட்டருக்குக் காரணமான அந்தக் குண்டு மோட்டார் இன்று இல்லை. விரல் நுனியளவு மோட்டார்கள் வந்துவிட்டன. இருந்தும் அகலம் மாறவில்லை. எல்லோர் வீட்டிலும் அந்த அகல வண்டிகளே இருக்கின்றன, எப்படி மாறும்? தாத்தா மதியம் தூங்குவார் என்று எங்கள் வீட்டில் ரேடியோவைத் தாழ்த்தி வைப்போம். அவர் போய்ப் பல வருடம் கழித்தும் அது தாழ்ந்தே பாடியது. விட்டுக்கொடுத்ததில் தவறில்லை. எந்த மோட்டாருக்காக விட்டுக்கொடுத்தோம், அது இன்னும் ஓடுகிறதா என்று எப்போதாவது ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. பார்த்த பிறகும் பதினாறரையே போதும் என்று தோன்றினால் அது வேறு. இனி அது நம்முடைய பதினாறரை.

எக்ஸ்பிரஸ்காரரின் மேசையில் ஒரு பச்சை என்ஜின் நின்றது. அந்தப் பாதையில் அது ஓடியதே இல்லை என்று பக்கத்தில் நின்றவர் குற்றம் கண்டுபிடித்தார். “முதல் விதி தெரியாதா? இது என் ரயில்” என்று சிரித்தார் அவர். மாதிரி ரயில்காரர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளும் விதி அது. சாப்பாட்டுப் பெட்டியின் இடத்தை அவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருப்பவர் வாயிலிருந்து வந்ததால் அதற்கு ஒரு கனம் இருந்தது. எதற்கெடுத்தாலும் அந்த விதியைச் சொல்கிறவரிடம் ரயில் இருக்காது, விளையாட்டுச் சாமான்தான் இருக்கும். ஒன்றுக்குக்கூட அதைச் சொல்லத் தெரியாதவரின் ரயில் ஷெட்டைவிட்டுக் கிளம்பவே கிளம்பாது.