இழந்த அருள் மீளுமா?

மேட்டூர் நீர் வாய்க்காலுக்கு வந்த வாரம் அது. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் விவசாயி ஒருவர் நம்மிடம் கேட்டார்: “சாமி, நான் வாங்கின ஞானஸ்நானம் இன்னும் இருக்கா?” தம்பியின் வரப்பை வெட்டித் தம் வயலோடு சேர்த்துக்கொண்டவர். (திண்ணையில் சொன்னதே, பாவசங்கீர்த்தனத்தில் அன்று.) இருபது ஆண்டுகளாக நற்கருணை வாங்கவில்லை.

ஞானஸ்நானம் இருக்கிறது. ஆன்மாவில் பதிந்த அம்முத்திரையை எப்பாவமும் அழிப்பதில்லை. கோடையில் நீர் வற்றினும் வாய்க்கால் இருப்பதுபோல. ஆனால் அருள் வேறு. சாவான பாவத்தால் அது இழக்கப்படும் என்றும், ஒப்புரவு அருட்சாதனத்தால் மீளக் கிடைக்கும் என்றும் 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் அறுதியிட்டது. ஒருமுறை மீட்கப்பட்டவர் என்றென்றும் மீட்கப்பட்டவரே என்று சிலர் வீடுதேடி வந்து சொல்லுகின்றனர். கேட்க இனிமைதான். அருளினின்று விழுந்தோரைப் பற்றிப் பவுல் கலாத்தியருக்கு எழுதியிருப்பதை அவர்கள் என் செய்வரோ!

எதிர்த்தவறும் உண்டு. 251-ஆம் ஆண்டையொட்டி உரோமையில் நொவாசியன், வேதகலாபனையில் விசுவாசத்தை மறுதலித்தோரைத் திருச்சபை மீண்டும் ஏற்கலாகாது என்றான். கர்த்தாகோ ஆயர் சிப்பிரியான் அவனை எதிர்த்தார். மும்முறை மறுதலித்த பேதுருவை அன்றோ ஆண்டவர் மந்தையை மேய்க்கச் சொன்னார்! ஆயினும் எபிரேயர் திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் நமக்கும் அச்சமே. அதனை எளிதாய் விளக்கிவிட மனம் வரவில்லை.

மன்னிப்பு உண்டு என்றோம் அவரிடம். பறித்ததைத் திருப்பித்தரும் உறுதியின்றி மனத்துயர் மெய்யாகாது என்பதையும் மறைக்கவில்லை. வரப்பை எப்போது பழைய இடத்தில் போடுவீர்கள் என்று கேட்டோம்.

“குறுவை அறுத்ததும், சாமி.”

குறுவை அறுத்தாயிற்று. சம்பாவும் நட்டாயிற்று.