பாலையைப் பார்த்து வந்தோமா?

உம்ரா முடித்துத் திரும்பும் நம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்துச் சகோதரர்களிடம், மக்காவிலிருந்து மதீனா வரை வழி எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "பஸ் ஏறியதும் தூங்கிவிட்டோம், ஹஜ்ரத்!" சுமார் 450 கிலோமீட்டர் தூரம். குளிர்சாதன வண்டி, திரை போட்ட ஜன்னல், ஐந்தாறு மணி நேரம். 2018 முதல் அதிவேக ரயிலும் ஓடுகிறது. ஒட்டகக் கூட்டங்கள் பத்து நாட்களுக்கு மேல் நடந்து கடந்த வழி அது. இந்த வசதியை நாம் குறை சொல்லவில்லை. முதியவர்களுக்கு அது அல்லாஹ்வின் ரஹ்மத். ஆனால், ஒரு நிலத்தைக் கடப்பதும் அதை அறிவதும் ஒன்றாகுமா?

ஃபிக்ஹு நூல்களைப் பாருங்கள். தண்ணீர் இருக்கலாம் என்று எண்ணும் இடத்தில் சுற்றிலும் தேடிப் பார்த்த பிறகே தயம்மும். கிப்லா தெரியாத வெளியில் சூரியனையும் நட்சத்திரங்களையும் கொண்டு ஆராய்ந்த பிறகே தொழுகை. கஸ்ர் தொடங்குவதோ ஊரின் கட்டடங்களைக் கடந்த பின். ஆக, பயணி தான் நிற்கும் நிலத்தைக் கண் திறந்து பார்க்க வேண்டும் என்பதே ஷரீஅத்தின் எதிர்பார்ப்பு. பாலையில் ஊரின் எல்லை கண்ணுக்குத் தெரியும். நம் ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் எங்கே முடிகிறது என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்! பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று கட்டடங்கள் விட்டபாடில்லை. அந்த மஸ்அலாவைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தியவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அப்போது அவர் முஸ்லிம் அல்லர். குறைஷிகளின் மதத்திலேயே இருந்தவர். சவாரி ஒட்டகங்கள் இரண்டும் முன்கூட்டியே அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. மூன்று இரவுகள் கழிந்ததும் ஸவ்ர் குகைக்கு அவற்றைக் கொண்டுவர வேண்டும் என்பது பேச்சு. மக்காவிலோ, பிடித்துக் கொடுப்பவருக்கு நூறு ஒட்டகம் என்று அறிவிப்பு! அவர் வாய் திறந்திருந்தால்? திறக்கவில்லை. சொன்ன நாளில் வந்தார். வழக்கமான பாதையை விட்டுக் கடலோரப் பக்கமாக அழைத்துச் சென்றார்.

உலகுக்கே வழிகாட்ட வந்தவர்கள், மணல் வழியின் அறிவு யாரிடம் இருந்ததோ அவரைத் தேடினார்கள்; அவருடைய நாணயத்தை நம்பித் தங்கள் உயிரையே ஒப்படைத்தார்கள்; கூலியும் பேசினார்கள். அவர் எந்த மதத்தவர் என்பது அதற்குத் தடையாகவில்லை.

இன்று பாலை வழியை அறிந்தவர் யார்? நம்மைச் சுமந்து செல்லும் பஸ்ஸின் டிரைவர். சவூதிச் சாலைகளில் ஆண்டுக்கணக்கில் லாரி ஓட்டும் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. ரோட்டில் மணல் ஏறுவதையும், இரவில் ஒட்டகம் குறுக்கே வருவதையும், எந்த இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்பதையும் அறிந்தவர்கள் அவர்கள். அந்த டிரைவரின் பெயரைக் கேட்டுக்கொண்ட ஹாஜி நம்மில் எத்தனை பேர்?

விடுமுறைக்கு வந்திருக்கும் அப்படியொரு பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். சம்பளம் எவ்வளவு என்று ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். உம்ராவுக்குப் புறப்படுமுன், ஒரு மாலை அவரை வீட்டுக்கு அழைத்து அந்த வழியைப் பற்றியும் கேளுங்கள்.