கரைத்தவள்

அண்ணன் மகளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்த அன்று, நெரவி வீட்டுத் திண்ணையில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். பேத்திக்குப் பாட்டி என்ன போடப்போகிறாள் என்று பெரியம்மா விளையாட்டாகக் கேட்டார். அப்பா முந்திக்கொண்டார். "அவகிட்ட என்ன இருக்கு? கொண்டுவந்த 11 பவுனையும் கரச்சுப்புட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தபடியே காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பேசாமல் இருந்தேன். சொற்களைப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள், அந்தச் சொல்லை அப்படியே போகவிட்டேன்.

அந்த 11 பவுன் போன கணக்கு எனக்குத் தெரியும். 3 பவுன் சங்கிலி, அப்பாவின் நெல் வியாபாரம் நொடித்தபோது அடகுக்குப் போனது. 2 பவுன் வளையல், அண்ணன் சிங்கப்பூர் போக ஏஜெண்டுக்குக் கட்டிய பணம். தோடும் மோதிரமுமாக 2 பவுன், அப்பாயியின் வைத்தியம். மீதி 4 பவுன் ஆரம், என் எம்.ஏ.வும் முனைவர் பட்டமும். இதில் அம்மா தனக்கென்று செலவழித்தது ஒரு குன்றிமணியும் கிடையாது.

அடகில் போன சங்கிலியைப் பற்றி அப்பா சொல்லும்போது, "மூழ்கிப்போச்சு" என்பார். வியாபாரத்தில் போட்ட பணம் "கரைஞ்சுபோச்சு". நகை தானாக மூழ்கும், பணம் தானாகக் கரையும். அம்மாவிடம் வரும்போது மட்டும் வினைக்கு ஓர் ஆள் வந்துவிடுகிறது: "கரச்சுப்புட்டா". வகுப்பில் கரைந்தது தன்வினை, கரைத்தது பிறவினை என்று எழுதிப்போட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். யாருக்குத் தன்வினை, யாருக்குப் பிறவினை என்று நாம் கேட்பதில்லை.

செலவு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'செல்' என்பதிலிருந்து வந்தது. சங்க அகப்பாடல்களில் அதற்குப் பயணம் என்று பொருள். பொருள் தேடிப் புறப்பட நினைத்த தலைவன், தலைவியை எண்ணிப் போகத் தயங்குவது 'செலவழுங்குதல்'. அங்கே செலவு ஆணுடையது, வீரமானது. தலைவிக்கு உரியது வாசலைப் பார்த்துக் காத்திருப்பது. காலப்போக்கில் செலவு, கைவிட்டுப் போகும் காசுக்குப் பெயரானது. போதாததற்கு 'அழி' என்ற வினையையும் ஒட்டிச் 'செலவழி' என்று சொல்லிக்கொள்கிறோம். ஈட்டியவன் ஒருவன், அழித்தவள் ஒருத்தி என்று கதை பிரிந்துவிட்டது.

வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் அரசனுக்கு நான்கு வேலைகள் சொல்கிறார். பொருள் வரும் வழி உண்டாக்கவேண்டும், சேர்க்கவேண்டும், காக்கவேண்டும், பிறகு உரியபடி வகுக்கவேண்டும். வாழ்க்கைத் துணைநலத்தின் முதல் குறளிலோ, மனைவி கணவனின் வளத்துக்குத் தக்கபடி வாழவேண்டியவள். அரசன் கருவூலத்தைப் பங்கிட்டால் அது 'வகுத்தல்'. வியாபாரம், மகன், மாமியார், மகள் என்று அம்மா 11 பவுனைப் பங்கிட்டதும் அதே வகுத்தல்தான். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கரைத்தல்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், காரைக்காலில், ஆண்டுதோறும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கிறது. கூட்டத்தில் மாம்பழம் பிடிக்க நானும் கை நீட்டியிருக்கிறேன். பெரியபுராணம் சொல்லும் கதை தெரிந்ததுதான். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி படைத்துவிடுகிறார். ஒன்றைச் சாப்பிட்ட கணவன், மற்றொன்றையும் கேட்கிறான். பக்தி நூலாக இதைப் படிப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒவ்வோர் ஆனியிலும் ஒரு கேள்வி வருகிறது. "அதைப் பசித்தவருக்குக் கொடுத்துவிட்டேன்" என்று அந்தப் பெண்ணால் உடனே ஏன் சொல்ல முடியவில்லை? ஒரு மாம்பழத்துக்குக் கணக்குக் காட்ட இறைவன் வரவேண்டியிருக்கிறது. எங்கள் அம்மாக்களுக்கு அற்புதங்கள் நடப்பதில்லை. அவர்களுக்கு இருந்தது சிறுவாடு.

2016 நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் அம்மா அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் கையில் வைத்தார். பதினைந்து 500 ரூபாய்த் தாள்கள். "அப்பாகிட்ட சொல்லிப்புடாத பாப்பா." நான் சிரித்துக்கொண்டே, "கறுப்புப் பணமா அம்மா?" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திருடி அகப்பட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். பெண் விடுதலை பற்றி மேடையில் பேசும் நான் அன்றைக்குச் செய்தது, பின்னால் அப்பா திண்ணையில் செய்ததற்குக் குறைந்ததல்ல.

சட்டம் இப்போதுதான் மெல்ல அசைகிறது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டை நடத்திய மனைவியின் உழைப்பும் முதலீடுதான், அவருக்குச் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. புதுச்சேரியும் காரைக்காலும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகின்றன. பெண்ணின் சீதனம் அவளுக்கே உரியது, இக்கட்டில் கணவன் அதைப் பயன்படுத்தினாலும் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் தார்மீகக் கடமை அவனுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொன்னது. அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் கடன்பட்டவர் அப்பா மட்டுமா? நான்கு பவுனுக்கு நானும் கடன்காரிதான்.

பெண்கள் யாரும் வீண்செலவே செய்வதில்லை என்று நான் வாதாட வரவில்லை. தீர்ந்துபோவது குற்றமா என்பதுதான் என் கேள்வி. குழந்தைக்குக் காய்ச்சிய பாலைத் தீர்த்துவிட்டாள் என்று யாரும் பழி சொல்வதில்லை. பொருள் இருப்பதே ஒருநாள் தீர்வதற்குத்தான். எதற்காகத் தீர்ந்தது, யார் முடிவில் தீர்ந்தது, யாருக்கு மிஞ்சவில்லை என்பதுதான் கேட்கவேண்டிய கணக்கு.

நகைக்கடைக்காரர் செய்கூலியும் சேதாரமும் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். வாங்கிப்போட்ட இயந்திரத்துக்குக்கூட ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறார்கள். ஐம்பது வருடம் ஒரு வீட்டை நடத்திய அம்மாவின் முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது. அதை எங்கள் வீட்டில் யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

கல்யாணப் பேச்சு முடிந்து எல்லோரும் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். அம்மா இரவு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். "அந்த ஆரம் இருந்திருந்தா புள்ளைக்குப் போட்டிருக்கலாம், இல்லம்மா?" என்றேன்.

"போட்டுட்டுத்தான இருக்கே," என்றார். "உன் பேருக்கு முன்னால."

சக்கையைப் பிழிந்து போட்டுவிட்டு, கரைசலை அடுப்பில் ஏற்றினார். அடுத்த முறை திண்ணையில் அந்தப் பேச்சு வரும்போது, 11 பவுன் கணக்கையும் நான் வாய்விட்டுச் சொல்லவேண்டும், என் 4 பவுனிலிருந்து தொடங்கி.