கொடாததைக் கொள்ளலும் இணையச் சந்தையும்

பஞ்சசீலத்தின் இரண்டாவது சீலத்தை நாம் களவு செய்யாமை என்று சுருக்கமாகக் கூறிவருகிறோம். பாலி மொழியில் அதற்குரிய நேர்ப்பொருள், கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வதினின்று விலகுதல் என்பதாம். களவு என்னும் சொல்லைவிட இஃது அகன்ற பொருளுடையது. பூட்டை உடைப்பவனையும் பணப்பையைப் பறிப்பவனையும் மட்டும் இது சுட்டவில்லை. உரியவன் மனமுவந்து கொடாத பொருள் எவ்வழியில் நம் கைக்கு வந்தாலும், அவ்வழி இச்சீலத்தைக் கொண்டு ஆராயத்தக்கதே. கைப்பேசி வழியே நடைபெறும் இந்நாளைய வாணிகத்தில், பொருளைத் திருப்பியனுப்பிப் பணத்தை மீளப் பெறும் முறை ஒன்று வழங்கிவருகிறது. அதனுள் இச்சீலம் எங்கே காக்கப்படுகிறது, எங்கே முறிகிறது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தாராவியில் வாழும் நம்மவர்க்கு இஃது ஏட்டளவான கேள்வியன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்குத் தோல் பதனிடும் தொழிலில் கால்கொண்டனர். பாந்திராவிலிருந்த இறைச்சிக்கூடம் 1971இல் தேவனாருக்கு மாறியது. பதனிடும் தொழிலும் பெரும்பாலும் தாராவியை விட்டு வெளியேறியது. ஆயினும் பையும் பணப்பையும் பெல்ட்டும் தைக்கும் தொழில் நிலைத்து நின்றது. சயான்–பாந்திரா இணைப்புச் சாலைக் கடைகளில் விற்கும் அப்பொருள்கள் இன்று இணையச் சந்தைகளிலும் ஏறியிருக்கின்றன. ஃபிளிப்கார்ட் 2007இலும், அமேசானின் இந்தியச் சந்தை 2013இலும், மீஷோ 2015இலும் தொடங்கப்பெற்றன. சந்தில் ஒற்றை அறையில் தையல் எந்திரம் இரண்டு வைத்திருப்பவரும் இவற்றின் வழியே மாதுங்காவிலும் செம்பூரிலும் நாட்டின் எம்மூலையிலும் வாழ்வார்க்கு விற்கலாம். இஃது ஒரு பெரும் வாய்ப்பே; ஐயமில்லை.

ஆனால் இவ்வாணிகத்தில் வாங்குவோன் பொருளைத் தொட்டுப் பார்த்து வாங்குவதில்லை, படத்தையே பார்க்கிறான். ஆதலின், வந்த பொருள் கூறியபடி இல்லையேல் அதனைத் திருப்பும் உரிமை அவனுக்கு வேண்டும். இவ்வுரிமை நேற்றுத் தோன்றியதன்று. முன்னர் ஆராய்ந்து பாராத பொருளை, ஆராயத் தக்க வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவன் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளலாகாது என்று 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமே கூறுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலையில் வெளிவந்த மின்வணிக விதிகள், குறையுள்ளதும் போலியானதும் விளம்பரத்திற்கு மாறானதுமான பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்போன் மறுத்தலாகாது என்று விதிக்கின்றன. இவை நீதியானவையே. ஏமாற்றும் வணிகனிடம் ஏழை வாங்குவோன் துணையற்று நின்ற காலத்தை நாம் மறந்துவிடலாகாது.

இந்த நல்லுரிமையைப் பொய்க்குக் கருவியாக்குவோர் இருக்கின்றனர் என்பதே ஈண்டு நாம் கவலுறும் செய்தி. புதிய பையைப் பெற்றுக்கொண்டு அதே நிறமுடைய பழைய பையைத் திருப்பியனுப்புவோர் உளர். புடைவையைத் திருமணத்திற்கு உடுத்திவிட்டு, அளவும் நிறமும் சரியில்லை என்று அனுப்புவோர் உளர். நல்ல பொருளைப் பெற்றும் உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதுவோர் உளர். வந்தபின் பணம் தருவதாகச் சொல்லிப் பொருளை வரவழைத்து, வாயிலிலேயே வேண்டாமென்று கதவடைப்போரும் உளர்.

இதனால் விளையும் இழப்பை ஒரு கணக்கால் காண்போம். ஒரு பையின் விலை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தோலுக்கும் உள்துணிக்கும் ஜிப்புக்கும் கூலிக்கும் 420. தரகுக் கட்டணம், அனுப்பும் செலவு ஆகியவற்றுக்கு 120. எஞ்சும் இலாபம் 60. அந்தப் பைக்கு ஈடாகக் கிழிந்த பை ஒன்று திரும்பி வந்தால், 420 ரூபாயும் போயிற்று. ஏழு பைகளை விற்று ஈட்டிய இலாபம் ஒரு பொய்யில் கரைந்துவிடுகிறது. திரும்பி வரும் பார்சலின் கூலி அதன்மேலும் சேரலாம். பெருங்கடைக்காரன் இதனை ஆயிரம் விற்பனைகளில் பரப்பித் தாங்குவான். ஒற்றை அறையில் தைப்பவர்க்கோ அஃது அவ்வாரத்துக் கூலியாக இருக்கும்.

இங்கே சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். “பணத்தைத் திருப்பித் தருவது பெரிய நிறுவனம். கோடிக்கணக்கில் புரளும் அதற்கு இஃது ஒரு பொருட்டா? அதுவே மனமுவந்து தருகிறதே, பின் கொடாததைக் கொண்டதாக எவ்வாறு ஆகும்?” என்று அவர் வினவுவர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று.

முதலாவது, கொடுப்பவர் யார் என்று பார்ப்போம். வெளிநாட்டு முதலீடு பெற்ற சந்தை நிறுவனம் தானே சரக்கை உடைமையாகக் கொண்டு நுகர்வோர்க்கு விற்றலாகாது என்பது நம் நாட்டின் விதி. 2018 டிசம்பரில் வெளியான அரசுக் குறிப்பு அதனை மேலும் இறுக்கியது. சந்தை இடைநிற்பதே, பொருள் விற்போனுடையது. ஆகவே சந்தை திருப்பித் தரும் பணம் பெரும்பாலும் விற்போன் கணக்கிலிருந்தே கழிக்கப்படுகிறது. அவன் முறையிட்டுச் சான்று காட்டினால் ஒரோவழி ஈடு கிடைப்பதுண்டு. அதற்காகவே பலர் கட்டும்போதும் பிரிக்கும்போதும் படம் பிடித்து வைக்கின்றனர். தைக்க வேண்டிய கைகள் சான்று திரட்டுவதில் பொழுது கழிக்கின்றன.

இரண்டாவது, அட்டகதை ஆசிரியர்கள் இச்சீலம் முறிவதற்கு ஐந்து உறுப்புகள் கூறுவர்: பொருள் பிறனுடையதாயிருத்தல், பிறனுடையது என்று அறிந்திருத்தல், கவரும் எண்ணம், அதற்கான முயற்சி, கவர்தல். இவற்றுள் இரண்டாவதைக் கவனிக்க. பிறனுடையது என்று அறிந்திருந்தால் போதும். அப்பிறன் இன்னான் என்று அறிய வேண்டுவதில்லை. நிறுவனத்தினுடையது என்று எண்ணி எடுத்தவனும் தன்னுடையதன்று என்று அறிந்தே எடுத்தான். பொய்யால் பெற்ற இசைவும் கொடையாகாது. அளவு பொருந்தாமையால் திருப்புவோனிடமும், சந்தை இசைந்த நாளுக்குள் மனம் மாறிப் பழுதின்றித் திருப்புவோனிடமும் மூன்றாவது உறுப்பாகிய கவரும் எண்ணம் இல்லை. அவர் மேல் குற்றமும் இல்லை.

சேரி நாட்டு வணிகர் இருவரைப் பற்றிய ஜாதகக் கதையை அன்பர்கள் அறிவர். வறுமையுற்ற ஒரு வீட்டில் கிழவியும் பேர்த்தியும் கறுத்துப்போன பழங்கலம் ஒன்றைக் காட்டுகின்றனர். பேராசை கொண்ட வணிகன் ஊசியால் கீறி, அது பொன்னென்று அறிந்தும், ஒன்றுக்கும் ஆகாதென்று எறிந்துவிட்டுப் போகிறான். பின்னர் வந்து அற்ப விலைக்குக் கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். அடுத்து வந்த போதிசத்துவரோ உண்மையை உரைத்து, தம்மிடமிருந்ததில் சிறிதே நிறுத்திக்கொண்டு ஏனையவற்றைக் கொடுத்து அதனைப் பெறுகிறார். அக்கதையில் ஏமாற்ற முற்பட்டவன் வாங்குவோன்; உண்மையை அறிந்திருந்தவனும் அவனே. திருப்பும் பெட்டிக்குள் இருப்பது யாதென அறிந்தவனும் அதனைக் கட்டியவனே.

சந்தையின் கடமையையும் கூறியாக வேண்டும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் மாண்ட்கோமரி வார்டு என்னும் அஞ்சல்வழி வணிக நிறுவனம் 1875இல், மனநிறைவு இல்லையேல் பணம் திரும்பும் என்று உறுதி தந்தது. தான் விற்ற பொருளுக்குத் தானே தந்த வாக்கு அது. இழப்பும் அதனையே சாரும். இன்றைய சந்தையில் வாக்களிப்பவர் ஒருவர், அதன் விலையைச் செலுத்துபவர் வேறொருவர். பிறர் பொருளைக் கொண்டு பெருந்தன்மை காட்டுதல் தானமாகாது. தன் வாக்கினால் வாடிக்கை பெருகிப் பயன் கொள்ளும் சந்தை, அவ்வாக்கினால் நேரும் இழப்பிலும் பங்கு ஏற்பதே அறம்.

ஒருவர் சொல்லை மட்டும் கேட்டு மற்றவரைத் தண்டித்தலின் தீமையைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மதுரையில் சிலம்பு விற்கச் சென்றவன் கோவலன். பொற்கொல்லன் சொல்லை நம்பி, விற்க வந்தவனை வினவாமலே பாண்டியன் ஆணையிட்டான். சிலம்பை உடைத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது முத்தன்று, மாணிக்கம் என்பது தெளிந்தது. அந்த ஆராய்ச்சி முன்னரே நடந்திருக்கலாம். கொண்டு வருபவர் முன்னிலையிலேயே பார்சலைப் பிரித்துக் காட்டி ஒப்படைக்கும் முறை சில பொருள்களுக்கு இன்றும் உண்டு. பொருளைத் திரும்பப் பெறும்போதும் அவ்வாறே பிரித்துப் பார்த்து, விற்போன் சொல்லையும் கேட்டபின் பணம் கழித்தல் ஆகாத செயலன்று.

விற்கும் நம்மவர்க்கும் ஒரு சொல். தோலல்லாததைத் தோலென்று எழுதுவதும், படத்தில் ஒன்றைக் காட்டி வேறொன்றை அனுப்புவதும், குறையுள்ள தையலை மறைப்பதும் நான்காவது சீலத்தை முறிப்பனவாம். திருப்பியனுப்பும் உரிமை இத்தகைய விற்பனைகளால்தான் தேவையாயிற்று. அளவையும் தன்மையையும் உள்ளவாறு எழுதுக. குறை கூறி வந்த வாங்குவோனைப் பொய்யன் என்று எடுத்த எடுப்பில் கருதற்க.

வாங்கும் அன்பர்களோ, திருப்பியனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அங்கே கேட்கப்படும் காரணத்திற்கு எழுதும் விடை மெய்யா என்று ஒருமுறை எண்ணுக. எவரும் பாராத இடத்தில், முகமறியாத ஒருவர் பொருளைப் பற்றி எழுதும் ஒரு வரி அது. விகாரையில் மூன்று சரணங்களுக்குப்பின் நாம் வாய்விட்டுச் சொல்லும் இரண்டாவது சீலமும் நான்காவது சீலமும் அந்த ஒரு வரியில் காக்கப்படவேண்டும்.