அவனிடமே கேளுங்கள்

நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூருக்கு என் அத்தை மகனைப் பேருந்தில் ஒரு சிகிச்சைப் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போவேன். வயது இருபத்தாறு. கால் நடக்காது, பேச்சு இழுக்கும்; புத்தி தெளிவு. பயிற்சியாளர் என்னைப் பார்த்தே கேட்பார்: "தம்பி ராத்திரி நல்லா தூங்குதா?" பதில் சொல்ல வேண்டியவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அவர் கெட்டவர் அல்ல, கைதேர்ந்தவர். ஆனால் கால் நடக்காதவனுக்குக் கருத்தும் இருக்காது என்று உள்ளுக்குள் ஒரு முடிவு. உதவுவதையே தொழிலாகப் படித்தவர்களிடம் இதைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது.

அந்த முடிவு எவ்வளவு தவறு என்பதற்கு ஒருவர் சாட்சி. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விபத்துக்குள்ளாகி, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். அவர்தான் 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் சங்கரராமன் அவருக்குத் தோள் கொடுத்தார். சிகிச்சை, பள்ளி, தொழிற்பயிற்சி என்று வளர்ந்த அந்த இடத்தில் திட்டம் போட்டவர்கள் சக்கர நாற்காலியில் இருந்தார்கள். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரைப் பரிதாபத்தோடு மட்டும் பார்த்திருந்தால் ஆய்க்குடியில் எதுவும் எழும்பியிருக்காது.

மற்றவர்களுக்குள்ள அதே சட்டத் தகுதியை மாற்றுத்திறனாளிக்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்கிறது. சிகிச்சை அறையில் அது ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்கும். பயிற்சியாளர்களே, சமூகப் பணியாளர்களே, அடுத்த முறை என் அத்தை மகனைப் போன்ற ஒருவன் வந்தால், அவன் கண்ணைப் பார்த்து அவனிடமே கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.