விருந்தாளியின் தட்டில் எதை வைப்பது?

வேலூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மெனு கார்டுகளில் இப்போது ஸ்டேக் என்ற சொல் தென்படுகிறது. கேட்டால் இரும்புத் தட்டில் சுடச்சுட வரும். ஓரத்தில் வேகவைத்த கேரட்டும் பீன்ஸும், மேலே மாவு கரைத்துக் கெட்டியாக்கிய பழுப்பு நிறக் குழம்பும் இருக்கும். கத்தியை வைத்து அழுத்தினால் கறி வழிவிடாது. ரம்பம் போல முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். அறுபட்ட இடத்தில் சாம்பல் நிறம், நெடுக ஓடும் நார். மென்று மென்று சாறெல்லாம் இறங்கிய பிறகும் வாயில் ஒரு சக்கை மிஞ்சி நிற்கும். இப்படி ஓர் இரவுச் சாப்பாடு முடிந்ததும் குறை சொல்ல ஆள் தேடுவது இயல்பு. சமையல்காரருக்குக் கைப்பக்குவம் போதாது என்பார்கள். கொடுத்த காசுக்கு இவ்வளவுதான் என்பார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே அந்தச் சாப்பாடு தோற்றுவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு எதைச் சமைப்பது என்று யோசித்தபோதே அது தோற்றது. விருந்தாளியின் தட்டில் அவருக்குப் பழகியதை வைப்பதா, நமக்குத் தெரிந்ததை வைப்பதா என்பது பழைய கேள்விதான். தோல் தொழிலால் உலகம் முழுவதும் பெயர் தெரிந்த இந்தப் பகுதிக்கு அது இன்னும் கூர்மையான கேள்வி.

கறியிலிருந்தே தொடங்கலாம். ஸ்டேக் என்பது இளம் மாட்டின் சமையல். அமெரிக்காவில் இதற்கென்றே வளர்க்கும் மாடுகளை ஒன்றரை, இரண்டு வயதிலேயே வெட்டிவிடுகிறார்கள். அவை ஏர் இழுத்ததில்லை, வண்டி இழுத்ததில்லை. தசைக்குள்ளேயே இழை இழையாகக் கொழுப்பு ஓடும். அந்தக் கொழுப்பைப் பார்த்துத்தான் அங்கே தரம் பிரிக்கிறார்கள். நல்ல கடைகளில் கறியை 0 முதல் 4 டிகிரி குளிரில் இரண்டு மூன்று வாரம் வைத்திருப்பார்கள். அதற்குள் கறியிலுள்ள நொதிகளே நாரைத் தளர்த்திவிடும். பிறகு தீயில் சில நிமிடம், உள்ளே சூடு 55 டிகிரியை ஒட்டியதும் இறக்கிவிடலாம். நம் பக்கத்து மாட்டின் கதை வேறு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டை வெட்டலாம். 1976இல் வந்த அரசாணை பசுவை வெட்டுவதையே தடுத்தது. ஆகவே இங்கே கறிக்கடைக்கு வருவது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த காளையும் எருமையும். பத்து வருஷம் பாரம் இழுத்த தொடையில் கொலாஜன் என்ற இணைப்பு நார் முறுக்கேறிக் கிடக்கும். சில நிமிடத் தீ அதை ஒன்றும் செய்யாது. 70 டிகிரிக்கு மேல், ஈரத்தோடு, பொறுமையாக நேரம் கொடுத்து வேகவைத்தால்தான் அது கரைந்து வழுவழுப்பான சாறாகும். பப்பாளிக்காயை அரைத்துத் தடவலாம்; மேற்புறம் குழைந்துபோகும், உள்ளே நார் அப்படியே இருக்கும். முதுகெலும்பை ஒட்டி அதிகம் உழைக்காத அண்டர்கட் என்ற துண்டு மட்டும் விதிவிலக்கு. ஒரு மாட்டில் அது கொஞ்சம்தான் தேறும். மிச்சக் கறிக்கு ஸ்டேக் என்று பெயர் வைத்துச் சுடுகிறவர், அந்தக் கறியால் முடியாத ஒன்றை அதனிடம் கேட்கிறார்.

அதே கறிக்கு ஆம்பூர் பிரியாணியில் கிடைக்கும் மரியாதையைப் பார்க்க வேண்டும். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, இஞ்சி பூண்டு, வெங்காயம், தக்காளி, தயிர், புதினா, கொத்தமல்லி. இவற்றோடு கறி அவசரமில்லாமல் வேகிறது. தயிரின் புளிப்பு ஒரு பக்கமும் ஈரச் சூடு ஒரு பக்கமும் நாரை விட்டுக்கொடுக்க வைக்கின்றன. சீரகச் சம்பாவைத் தனியே முக்கால் வேக்காட்டில் வடித்து, அந்தச் சாற்றில் சேர்த்து, தேக்சாவை மூடி, மூடிமேல் கங்கைப் பரப்பித் தம் போடுகிறார்கள். கறியிலிருந்து கரைந்த அத்தனையும் அந்தச் சின்ன அரிசிக்குள் ஏறுகிறது. மூடியைத் திறந்து கரண்டியை ஓரமாகச் செருகி அடியிலிருந்து வாரும்போது சோறு உதிரி உதிரியாக விழும். ஒரு துண்டை இரண்டு விரலால் அழுத்தினால் நாருக்கு நார் பிரியும். வயதான மாட்டின் கறியில்தான் அந்த ஆழ்ந்த ருசி உண்டு; இளம் கறியில் அது கிடையாது. ஸ்டேக்கில் குறையாக நின்ற அதே முதுமை இங்கே குணமாகிவிடுகிறது. தொட்டுக்கொள்ளப் புளி போட்ட கத்திரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் போதும். பிரியாணி மட்டும் இல்லை. தால்ச்சா, பாயா என்று இந்தப் பகுதியின் கறிச் சமையல் பலவும் மெதுவாக வேகும் சமையல்தான். கையில் கிடைத்த மாடு எது என்று பார்த்து, அதற்கேற்றபடி பல தலைமுறைகள் சேர்த்துவைத்த அறிவு அது.

இவ்வளவு அறிவைக் கையில் வைத்திருக்கும் ஊர் ஏன் விருந்தாளி முன்னால் தடுமாறுகிறது? இந்தப் பகுதியின் தொழிலே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் பாதி வேலையோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. மீதி வேலை அங்கே நடந்தது, பெயரும் அங்கேயே போனது. 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் முழுத் தோலுக்கும் பிறகு ஷூவுக்கும் மாறின. ஆனாலும் ஷூவின் உள்ளே அச்சாகும் பெயர் பெரும்பாலும் வேறு யாருடையதோதான். வாங்குகிறவர் சாம்பிள் அனுப்புவார், அதே நிறம், அதே தடிமன், அதே தையல் வர வேண்டும். ஒரு மாற்று குறைந்தாலும் சரக்கு திரும்பிவிடும். இந்த வேலையின் கழிவுநீரால் பாலாறு கொடுத்த விலையை 1996இல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றமே எழுதிவைத்திருக்கிறது. சாம்பிளைப் பார்த்து அச்சு அசலாகச் செய்து கொடுப்பது தொழிலில் பெரிய திறமை. பல்லாயிரம் குடும்பங்கள் அதில் சாப்பிடுகின்றன. அந்தப் பழக்கம் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிடுவதில்தான் எனக்கு வருத்தம். விருந்து ஆர்டர் எடுத்துச் செய்யும் வேலை இல்லையே. விருந்தாளி தன் ஊர்ச் சாப்பாட்டின் சாம்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதில்லை. அதைப் போலவே செய்து காட்டினால், அவர் வாழ்நாளெல்லாம் சாப்பிட்ட அசலோடு நம் நகலை ஒப்பிட வைக்கிறோம். அந்த ஒப்பீட்டில் நமக்கு ஒருநாளும் வெற்றி கிடைக்காது.

இதே தொழில் செய்யும் இன்னோர் ஊரை நினைத்துப் பார்க்கிறேன். இத்தாலியில் பீசாவுக்கும் பிளாரன்ஸுக்கும் நடுவே, ஆர்னோ ஆற்றங்கரையில் சாந்தா குரோச்சே என்ற ஊர் இருக்கிறது. ஆறு, தோல், பதனிடும் தொட்டிகள், ஏற்றுமதி என்று எல்லாவற்றிலும் நம் ஆம்பூருக்கு அக்கா தங்கை மாதிரி. அந்தப் பக்கத்தின் பெருமை பிளாரன்ஸ் ஸ்டேக். கியானினா என்ற வெள்ளை மாட்டின் எலும்போடு கூடிய தடித்த துண்டைக் கங்கில் வாட்டி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே பரிமாறுவார்கள். கியானினாவும் ஒரு காலத்தில் ஏர் இழுத்த இனம்தான். ஆனால் ஸ்டேக்குக்கு இளம் மாட்டைத்தான் எடுக்கிறார்கள். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள் என்று கேட்டால் முகம் சுளிக்கும் கடைகள் அங்கே உண்டு. ஆம்பூரிலிருந்து ஒரு தொழிலதிபர் அங்கே போனால் யாரும் அவருக்குப் பிரியாணி போல ஒன்றைக் கிளறி வைப்பதில்லை. தங்களுடையதைத் தட்டில் வைத்து, எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். அவரும் அதைப் பற்றி ஊருக்கு வந்து வருஷக்கணக்கில் பேசுகிறார்.

விருந்தாளியின் வயிற்றை நினைத்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மிளகாய் பழகாதவருக்கு மிளகாய் விழுது வதைதான். ஆனால் அவர் வயிற்றுக்கு இதமாகச் சமைப்பதும் அவர் ஊர்ச் சாப்பாட்டை நடித்துக் காட்டுவதும் ஒன்றாகிவிடாது. காரத்தைக் குறைக்கலாம்; தயிர்சாதமும் இட்லியும் எங்கே போயின? அவர் ஊர்ச் சாப்பாடே வேண்டும் என்றால் அதற்கும் நல்ல முன்மாதிரி வேலூரிலேயே இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்து நோயாளிகள் வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்காக மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வங்காளச் சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. கடுகெண்ணெய் மீன் குழம்பைக் கையறிந்து சமைக்கிறார்கள். மகன் உள்ளே அறுவை சிகிச்சையில் இருக்க, வெளியே ஒரு தாய் தன் வீட்டு ருசியில் ஒரு பிடி சோறு சாப்பிட முடிகிறது. அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? பழகியதைத் தர வேண்டுமானால் தெரிந்தவர் கையால் தர வேண்டும் என்பதைத்தான் அந்தக் கடைகள் காட்டுகின்றன.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. எதுதான் நம்முடையது? பிரியாணி வெளியிலிருந்து வந்தது, மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அன்று யாராவது நமக்குத் தெரிந்ததை மட்டும் சமைப்போம் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் ஆம்பூர் பிரியாணியே பிறந்திருக்காதே! உண்மை. ஆனால் பிரியாணி இங்கே வந்து என்ன செய்தது என்று கவனிக்க வேண்டும். வடக்கத்திய நீள அரிசியை விட்டுவிட்டுச் சீரகச் சம்பாவைப் பிடித்துக்கொண்டது. மிளகாய் விழுதை ஏற்றது, கத்திரிக்காயைப் பக்கத்தில் உட்காரவைத்தது. இந்த மண்ணில் கிடைத்ததோடு சமரசம் செய்துகொண்டு, பிறகுதான் ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஜப்பானில் 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டுக்கறி சாப்பிட்டது செய்தியாக வெளிவந்த காலத்தில், அங்கே மக்களிடம் முதலில் பரவியது ஸ்டேக் இல்லை. உழவு மாட்டின் கறியைச் சட்டியில் மிசோவோ சோயா சாஸோ சேர்த்துக் கொதிக்கவைத்த குழம்புதான். பேர்பெற்ற கோபே ஸ்டேக் எல்லாம் வெகுகாலம் கழித்து, அதற்கேற்ற மாட்டை வளர்க்கக் கற்ற பிறகு வந்தது. இங்கேயும் யாராவது அண்டர்கட்டை மட்டும் எடுத்து, குளிரில் வைத்துப் பக்குவப்படுத்தி, நம் மிளகையும் பூண்டையும் வைத்து ஒரு ஸ்டேக் செய்தால் கைதட்டி வரவேற்பேன். கறியை அறிந்து செய்வது வேறு, பெயரை மட்டும் வாங்கி ஒட்டுவது வேறு.

இதுவரை சொன்னது ருசி பற்றியது. இதற்கு அடியில் கூச்சம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். 2022 மே மாதம் 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. கோழி, ஆடு என்று இருபதுக்கும் மேற்பட்ட பிரியாணி வகைகள் வைப்பதாகச் சொன்னார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. எதிர்ப்பு எழுந்தது, வெளியே இலவசமாக பீஃப் பிரியாணி கொடுப்போம் என்று சில அமைப்புகள் அறிவித்தன. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடாகாதா என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் மனம் புண்படும் என்பது நிர்வாகத்தின் தரப்புக்காகச் சொல்லப்பட்ட வாதம். சாப்பிடாதவரின் மனதுக்கு மதிப்பு உண்டு. அவருக்குத் தனி வரிசை, தனிக் கடை, தனிக் கரண்டி எல்லாம் வைக்கலாம், வைக்க வேண்டும். ஆனால் ஆட்டுக்கறி வாங்கக் கட்டுப்படியாகாத வீடுகளும், ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களும், தலித் மக்களும் முஸ்லிம் மக்களும் அன்றாடம் சாப்பிடும் சாப்பாடு அது. ஊர்ப் பெயரில் நடக்கும் விழாவில் அதை ஒளித்துவைத்தால், சாப்பிடுகிறவர்களையும் சேர்த்துத்தான் ஒளித்துவைக்கிறோம். அந்த மாட்டின் தோல் ஏற்றுமதிப் பட்டியலில் பெருமையாக இருக்கலாம், கறி மட்டும் பந்தியில் இருக்கக் கூடாது என்றால் அதை எப்படி ஏற்பது? மெனு கார்டில் ஸ்டேக் என்றால் கௌரவம், பீஃப் பிரியாணி என்றால் தயக்கம். இரண்டிலும் இருப்பது ஒரே காளை.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு யோசனையா என்று தோன்றலாம். ஆனால் வெளியூர்க்காரர் ஓர் ஊரை அறிவது பெரும்பாலும் இரண்டு மூன்று வேளைச் சாப்பாட்டில்தான். தொழிற்சாலையில் அவர் பார்ப்பது தன் சாம்பிளை. ஓட்டலில் கிடைப்பது தன் ஊர் ஸ்டேக்கின் மங்கலான நிழல். அப்படியானால் இவ்வளவு தூரம் வந்தவர் ஆம்பூரை எங்கேதான் பார்த்தார்? அவர் பங்குக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஸ்டேக் நன்றாக இல்லாதபோது மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லி எழுந்தால், அடுத்து வருகிறவருக்கும் அதே தட்டுதான் வரும். நன்றாக இல்லை, நீங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று அவர் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்ல இங்கே யாருக்கும் திணறல் இருக்கக் கூடாது. ஆம்பூரில் தேக்சாக்கள் திறப்பது முற்பகலில். சாந்தா குரோச்சேயிலிருந்து வந்தவரை இரவு ஓட்டலுக்கு அழைத்துப் போவதற்குப் பதிலாக, காலையில் தோல் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கையோடு ஒரு மணி நேரம் ஒதுக்கி அங்கே உட்காரவைக்கலாம். மூடிமேல் கங்கு சாம்பல் பூத்திருக்கும், இலையும் தயாராக இருக்கும்.