முதற் சொல்லிலேயே ஒரு குற்றம்



கந்தபுராணம் நம் வீடுகளுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல, அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் அநேகர். ஆனால் அந்த நூல் அரங்கேறிய அன்றே அதன் முதற் சொல்லில் குற்றம் பிடிக்கப்பட்டது என்பதை ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைகள் பலர் அறியார்.

கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிபுரம் குமரகோட்டத்து அர்ச்சகர். நாளொன்றுக்கு நூறு செய்யுள் பாடி, ஏட்டை முருகப்பெருமான் திருவடியில் வைத்துக் கதவைப் பூட்டிச் செல்வார். காலையில் திறந்தால் ஏட்டில் திருத்தம் இருக்கும். முதலடியை எம்பெருமானே எடுத்துக் கொடுத்தார் என்பதும் மரபு. விநாயகர் காப்பாகிய அந்தச் செய்யுளின் தொடக்கத்தில் "திகழ்" என்பதும் "தச" என்பதும் புணர்ந்து "திகட" என்று நின்றது. சபையில் ஒரு புலவர் எழுந்தார். இப்படிப் புணர்வதற்குத் தொல்காப்பியத்தில் விதி எங்கே என்றார். இது முருகன் தந்த அடி என்றார் கச்சியப்பர். முருகனே தந்தாலும் விதி வேண்டுமே என்றார் புலவர்.

இந்த இடத்தில்தான் நாம் சற்று நிற்க வேண்டும். இறைவன் வாக்கு என்பதைவிடப் பெரிய சாட்சி எவருக்குக் கிடைக்கும்? "நீ யார் கேட்க?" என்று சபையைக் கலைத்திருக்கலாம். சொல்லை மாற்றிவிட்டு அமைதி தேடியும் இருக்கலாம். இரண்டையும் செய்யாமல் ஒரு நாள் அவகாசம் கேட்டார்.

நமக்கோ அந்த ஒரு நாள்தான் கிடைப்பதில்லை. உண்மையில் நாம் எடுப்பதில்லை. வேலைத்தலத்தில் வருடாந்த மதிப்பீட்டில் சூப்பர்வைசர் ஒரு குறை எழுதிவிட்டால், "ஊரில் இருபது வருடம் கணக்காளராக இருந்த எனக்கா?" என்று அன்றிரவே நாலு பேருக்குத் தொலைபேசி எடுக்கிறோம். எழுதியது என்ன என்று ஆற அமர வாசித்தோமா? வீட்டில் மகள் "அப்பா, அந்தக் கடிதத்தில் பிழை இருக்கிறது" என்றால் அதுவும் மரியாதைக் குறைவாகிறது. கோயில் கூட்டங்களைப் பற்றி நாம் சொல்லவே வேண்டாம்!

சொல்லப்படும் குறையெல்லாம் நியாயமானதா என்று சிலர் கேட்பார்கள். இல்லைத்தான். கனடிய அனுபவம் இல்லை என்று எத்தனையோ தகுதியானவர்களை இந்த நகரம் திருப்பி அனுப்பியிருக்கிறது. அப்படி வற்புறுத்துவது முதற்பார்வையிலேயே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013 இல் கொள்கையாக அறிவித்தது. அத்தகைய குறையை ஏற்றுக்கொண்டு தலைகுனிய வேண்டியதில்லை. கச்சியப்பரும் குனியவில்லை. ஆனால் குற்றம் சொன்னவரின் குணத்தை ஆராயாமல், குற்றத்தை ஆராய்ந்தார். இரவு முழுவதும் முருகனிடம் முறையிட்டார். இதே மனிதர்தான் தினந்தோறும் காலையில் தம் ஏட்டில் கண்ட திருத்தங்களை மறுபேச்சின்றி ஏற்றவர். எங்கே திருந்துவது, எங்கே நிற்பது என்று தெரிந்தது அந்தப் பழக்கத்தால்தான் என்று நாம் நினைக்கிறோம்.

மறுநாள் சோழ நாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலோடு வந்தார். அதன் சந்திப் படலத்தில் விதி இருந்தது. குற்றம் சொன்னவர் சபையில் அதை ஒப்புக்கொண்டார். அதுவும் எளிதான காரியமன்று. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீரசோழியம் பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் இயற்றியது. அவர் பௌத்தர். முருகன் வாக்குக்குச் சாட்சி பௌத்தரின் ஏட்டிலிருந்து வந்ததையும் சைவ சபை மகிழ்ந்து ஏற்றது.

அதன் பிறகே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களும் அரங்கேறின. கந்தசஷ்டி நாட்களில் புராணபடனம் கேட்க வரும் அடியார்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். காப்புச் செய்யுள் தொடங்கும்போது, வழக்கு நடந்த சொல் இதுதான் என்று அவர்கள் காதில் மெல்லச் சொல்லுங்கள்.